கிண்ணம் உட்கார்ந்த இடம்

டிராபி என்ற ஆங்கிலச் சொல்லுக்கு என்ன பொருள், அது எங்கே பிறந்து எப்படி வளர்ந்தது என்பதையெல்லாம் நான் எந்த வகுப்பறையிலும் படிக்கவில்லை. தோட்டத்துத் திடலில், வெள்ளை விரிப்பு போட்ட ஒரு மேசைக்கு முன்னால் சேறும் சகதியுமாக நின்றுகொண்டு தெரிந்துகொண்டேன். அந்த மேசையின் மேல் ஒரு டிராபி இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. இருந்திருந்தால் அதைத் தூக்கிக்கொண்டு ஆளாளுக்கு வீட்டுக்குப் போயிருப்போம். சொல்லின் பூர்வீகத்தை யாரும் கேட்டிருக்க மாட்டோம்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. கோலசிலாங்கூர் பக்கத்தில் எங்கள் செம்பனைத் தோட்டம் இரண்டு டிவிஷனாகப் பிரிந்து கிடந்தது. நாங்கள் பெரிய டிவிஷன். அம்மா பிறந்தது ஆற்றங்கரை டிவிஷன். இரண்டுக்கும் நடுவில் சைக்கிளில் போகிற தூரம்தான். ஆனால் வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் காற்பந்தாட்டம் வந்துவிட்டால் அது இரண்டு தேசமாகிவிடும். எப்போதோ ஊருக்குப் போன வெள்ளைக்காரத் துரை ஒருவர் விட்டுச்சென்ற வெள்ளிப்பூச்சுக் கிண்ணம் ஒன்றுதான் பரிசு. இரண்டு பக்கமும் காது வைத்த, சுற்றிச் சுற்றி வரவேண்டிய சுழற்கிண்ணம். எங்கள் பக்கம் மட்டும் அது சுழலவே இல்லை. ஆற்றங்கரை டிவிஷனில், என் மாமா வீட்டு அலமாரி மேல் நிரந்தரமாகக் குடியிருந்தது. மாமா அந்த அணியின் கோல் கீப்பர். எங்கள் அணியின் கேப்டன் என் அப்பா. ஒரே குடும்பத்துக்குள் இப்படியோர் ஏற்பாடு நடந்தால் என்ன ஆகும் என்று யாராவது முன்கூட்டியே யோசித்திருக்கலாம்.

முந்தைய வருடம் கடைசி ஆட்டத்தில் அப்பா அடித்த பினால்டியை மாமா பிடித்துவிட்டார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அன்றைக்கு இரவுச் சாப்பாடு மாமா வீட்டில். அத்தை கோழிக்கறி சமைத்திருந்தார். தோற்ற ஆள் என்றாலும் வீட்டு மாப்பிள்ளையல்லவா, அப்பாவை நடுவில் உட்கார வைத்துப் பரிமாறினார்கள். அப்பா சட்டிக்குள் கரண்டியை விட்டு ஒரு தொடையை எடுத்து இலையில் வைத்தார். மாமாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"பந்து வர்றப்போ மச்சானுக்குக் கண்ணு தெரியல. சட்டிக்குள்ள கோழித்தொடை எங்க கிடக்குன்னு மட்டும் எப்படி லா தெரியுது?"

கூடத்தில் இருந்தவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், எனக்கு அப்போது எட்டு வயது, நகைச்சுவைக்குக் கட்சி கிடையாது. அப்பா அந்தத் தொடையை எடுத்துத் திரும்பச் சட்டியிலேயே போட்டுவிட்டு எழுந்தார். கையைக் கழுவினார். "இனிமே இந்த டிவிஷன் மண்ணுல கால் வச்சேன்னா என் பேரை மாத்திக் கூப்பிடு" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளைக் கிளப்பினார். நடுவில் நானும் பின்னால் அம்மாவுமாக, பாதிச் சாப்பாட்டில் வீடு திரும்பினோம். எனக்கு வந்த கவலையெல்லாம் சட்டியில் திரும்பப் போட்ட அந்தத் தொடையை யார் சாப்பிட்டிருப்பார்கள் என்பதுதான்.

அந்த ஒரு வாக்கியத்தின் விலையை அம்மாதான் கொடுத்தாள். தாத்தா பாட்டி காலமானபின் அம்மாவுக்குப் பிறந்த வீடு என்று இருந்தது அந்த அண்ணன் வீடு ஒன்றுதான். ஆற்றங்கரை மாரியம்மன் கோயில் திருவிழா என்றால் கட்டிக்கொடுத்த பெண்கள் எல்லாம் வந்துவிடுவார்கள். அந்த வருடத் திருவிழாவுக்கு அம்மா போகவில்லை. செம்பனை மரங்களைத் தாண்டி ஒலிபெருக்கியில் உடுக்கைச் சத்தம் எங்கள் லயத்து வீடுகள் வரைக்கும் வரும். அம்மா வானொலியை அணைத்துவிட்டு, அதைக் கேட்டுக்கொண்டே சமைப்பாள். அழுதாளா என்று எனக்குத் தெரியாது. வெங்காயம் மட்டும் அந்த வாரம் நிறைய அரிந்தாள்.

அப்பா கொடுமைக்காரர் இல்லை. "உன்னை யாரு போக வேண்டாம்னா? தாராளமா போ" என்பார்.

"நீங்க வராம நான் போய் நின்னா, பாக்குறவங்கல்லாம் வீட்டுக்காரர் எங்கன்னுதான் கேப்பாங்க. நான் சாமி கும்பிடுறதா, பதில் சொல்லிக்கிட்டு நிக்கிறதா?" என்பாள் அம்மா. அப்பா உடனே மோட்டார் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் போடக் கிளம்பிவிடுவார். அந்த வருடம் எங்கள் மோட்டார் சைக்கிள் மாதிரி எண்ணெய் குடித்த வண்டி சிலாங்கூரிலேயே இருந்திருக்காது.

ஆண்களுக்குள்தான் பேச்சுவார்த்தை இல்லை. பெண்கள் ஞாயிற்றுக்கிழமை தோறும் கோலசிலாங்கூர் சந்தையில், மீன் கடைகளுக்குப் பின்னால் சந்தித்துக்கொள்வார்கள். அம்மாவும் அத்தையும் மீனைப் பார்க்கிற மாதிரி குனிந்து நின்று குடும்ப விவகாரம் அத்தனையும் பேசி முடிப்பார்கள். எனக்குத் தேங்காய்ப்பாலும் பாகும் ஊற்றிய ஐஸ் செண்டோல் ஒரு கிண்ணம் வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துவிடுவார்கள். செண்டோல் கையில் இருக்கும்வரை என் காது வேலை செய்யாது என்று இருவருக்கும் தெரியும்.

அடுத்த வருடத் திருவிழா வந்தது. காப்பு கட்டுவதற்கு முந்திய ஞாயிறு, அத்தை ஒரு வெள்ளை நூலைக் கொண்டுவந்தார். நூலில் ஓரிடத்தில் முடிச்சு போட்டிருந்தது. இருவரும் தேங்காய்க் கடைக்குப் போய், குவியலில் இருந்த தேங்காய்களை ஒவ்வொன்றாக எடுத்து, நூலைச் சுற்றிச் சுற்றி அளந்து பார்த்தார்கள்.

கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "என்னக்கா, தேங்காய்க்குச் சட்டை தைக்கப் போறீங்களா?" என்று கேட்டார்.

"ஆமா, தீபாவளிக்கு" என்றார் அத்தை.

எனக்கு வெயில் தாங்கவில்லை. சீக்கிரம் கிளம்பினால் போதுமென்று, இருப்பதிலேயே பெரிய தேங்காயைத் தூக்கி அம்மாவிடம் நீட்டினேன். அம்மா அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது உட்காராது" என்றாள். கடைசியில் நடுத்தரமாக ஒரு தேங்காயைத் தேர்ந்தெடுத்தார்கள். காசு கொடுத்தது அம்மா. பையில் போட்டு எடுத்துப் போனது அத்தை. நான் செண்டோலின் அடியில் தங்கியிருந்த சீனிப்பாகை உறிஞ்சிக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் கடைசி ஆட்டத்தைத் திருவிழா நடுவில் வரும் ஞாயிற்றுக்கிழமை வைத்துவிட்டார்கள். புதிதாக வந்திருந்த துரைக்குக் காப்பு கட்டு என்றால் என்னவென்று தெரியாது. சொல்லவும் யாருக்கும் தைரியமில்லை. மதியம் அடித்து ஊற்றிய மழையில் திடல் உழுது போட்ட வயல் போல ஆகிவிட்டது. பந்து எங்கே, கால் எங்கே என்று ஆடுகிறவர்களுக்கே தெரியவில்லை. ஆட்டம் முடிகிற நேரம். ஒரு பந்து உயரமாக வந்து, வழுக்கி விழப்போன அப்பாவின் முழங்காலில் பட்டு, தானாகவே திரும்பி, மாமாவின் கைக்கு எட்டாமல் உள்ளே போய்விட்டது. அப்பா அதை வேண்டுமென்றே அடித்ததாகத்தான் இன்றுவரை சொல்கிறார். நாங்களும் மறுப்பதில்லை.

என்ன சத்தம் அது! பெண்கள் குடையை மடக்கிக் குடையாலேயே தரையில் தட்டினார்கள். எங்கள் டிவிஷன் ஆண்கள் அப்பாவைத் தூக்கி, வழுக்கிக் கீழே போட்டு, மறுபடி தூக்கினார்கள். நான் சேற்றில் உருண்டேன். என் வாழ்க்கையில் அதற்குப் பிறகு எத்தனையோ நல்ல நாட்கள் வந்துவிட்டன. ஆனாலும் காரணம் கேட்காமல், உடம்பு முழுவதும் சந்தோஷப்பட்ட நாள் அதுதான்.

பரிசளிப்புக்கு மேசை போட்டார்கள். வெள்ளை விரிப்பு. பின்னால் பெரிய கிராணி. துரையின் ஆபீஸ் முழுவதையும் கணக்கும் கையெழுத்துமாகக் கட்டி ஆண்ட யாழ்ப்பாணத்துக்காரர். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கூட்டத்தில் பேச நிறுத்தினாலும் ஓர் ஆங்கிலச் சொல்லைப் பிடித்துக்கொண்டு, அதன் கொள்ளுத்தாத்தா வரைக்கும் போய்விடுவார். தோட்டத்தில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் அவரை வாழ்த்திப் பேசக் கூப்பிடுவதற்கு முன் பந்தியை முடித்துவிடுவார்கள்.

தோற்ற அணி கிண்ணத்தைக் கொண்டுவந்து மேசையில் வைப்பது முறை. எல்லோரும் மாமாவைப் பார்த்தோம். மாமா தலையைச் சொறிந்தார்.

"கிண்ணம் கோயில்ல இருக்கு" என்றார்.

"போய் எடுத்துட்டு வர்றதுதானே?"

"எடுக்க முடியாது. கும்பம் வச்சாச்சு."

விஷயம் மெல்ல மெல்லத்தான் வெளியே வந்தது. காப்பு கட்டுகிற அன்று காலை, கும்பம் வைக்கிற கோயில் செம்பில் ஓட்டை இருப்பதை அத்தை கண்டுபிடித்திருக்கிறார். தண்ணீர் ஊற்ற ஊற்ற ஒழுகியிருக்கிறது. பூசாரி கையைப் பிசைந்துகொண்டு நிற்க, நல்ல நேரம் போய்க்கொண்டிருக்க, யாரோ மாமா வீட்டு அலமாரியில் இருந்த கிண்ணத்தைப் புளி போட்டுத் துலக்கிக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். பூசாரி நூல் சுற்றி, தண்ணீர் நிரப்பி, மாவிலை வைத்து, தேங்காயை நிறுத்தி, மந்திரம் சொல்லி அம்மனை அதில் எழுந்தருளச் செய்துவிட்டார். இனித் தீமிதி முடிந்து கும்பம் கலைக்கும்வரை அதை அசைக்கக் கூடாது. அது இப்போது கிண்ணமே இல்லை. அது அம்மன்.

"ஏமாத்துறானுங்க!" என்று எங்கள் பக்கத்தில் ஒருவர் கத்தினார். "லோரிய எடு லா, நாமளே போய்த் தூக்கிட்டு வருவோம்!"

"போ, போய்த் தூக்கு" என்றார் எங்களை வேலை வாங்கும் மண்டோர். "கும்பத்தைத் தொட்டு உன் வீட்டுப் பிள்ளைங்களுக்கு அம்மை போட்டா, எங்கிட்ட வந்து அழாத."

லோரியை எடுக்கச் சொன்னவர் கூட்டத்துக்குள் பின்வாங்கி மறைந்துபோனார்.

அப்பா மேசைக்கு முன்னால் நின்றார். கிண்ணம் வாங்குவதற்காகக் கையை மட்டும் சேறு போகக் கழுவிக்கொண்டு வந்திருந்தார். சுத்தமான அந்த இரண்டு கைகளுக்கும் எந்த வேலையும் இல்லாமல் போயிற்று. அவரைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. ஒரு வருடக் கோபத்துக்கு ஒரு பித்தளைப் பொத்தான்கூடக் கிடைக்கவில்லை. இனி இந்த இரண்டு பேரும் ஜென்மத்துக்கும் பேசப்போவதில்லை, அம்மாவும் பிறந்த வீட்டை மறந்துவிட வேண்டியதுதான் என்பது எனக்கே விளங்கியது. அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் பெண்கள் பலகையில் உட்கார்ந்து நிதானமாகத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். பக்கத்தில் கிராணியின் மனைவி. அவருக்கு அந்தப் பக்கம் அத்தை. அப்பா தவிக்கும்போது இவளுக்குத் தலைமுடி ஒரு கேடா என்று கோபம் கோபமாக வந்தது.

அப்போதுதான் பெரிய கிராணி தொண்டையைச் செருமினார். யாரும் ஓட முடியாத நேரமாகப் பார்த்துச் செருமினார்.

"இஞ்சை பாருங்கோ. கிண்ணம் இல்லையெண்டு கத்துறியள். டிராபி எண்டால் என்ன எண்டு உங்களிலை ஆருக்காவது தெரியுமோ?"

யாருடைய பதிலுக்கும் அவர் காத்திருக்கவில்லை.

"அது கிரேக்கச் சொல்லு. திரும்புறது எண்டு கருத்து. பழைய காலத்திலை சண்டை நடக்கேக்கை, எதிரி எந்த இடத்திலை திரும்பி ஓடத் தொடங்கினானோ, அந்த இடத்திலையே ஒரு மரக்கட்டையை நட்டுவினம். அதிலை எதிரியின்ரை தலைக்கவசம், கேடயம் எல்லாத்தையும் கட்டித் தொங்கவிடுவினம். பிறகு அதைச் சாமிக்கு நேந்து சாட்டிப் போடுவினம். சாட்டின பிறகு ஒருத்தரும் தொட ஏலாது. தோத்தவனும் தொட ஏலாது, வெண்டவனும் தொட ஏலாது. அதுதானப்பா டிராபி. வீட்டு அலுமாரியிலை தூசி பிடிக்கிற சாமானில்லை. எதிரியைத் திருப்பின மண்ணிலை, சாமிக்கு முன்னாலை, அசையாமல் நிக்கிற சாமான்!"

அப்பாவின் மூளைக்குள் ஏதோ சுழல்வது முகத்தில் தெரிந்தது.

"அப்போ நம்ம கிண்ணம் அவனுங்க மண்ணுல நிக்குது" என்றார் மெதுவாக. "அவனுங்களே அதுக்கு விழுந்து விழுந்து பூசை போடுறானுங்க."

"ரெண்டு வேளையும்" என்றார் எங்கள் மண்டோர்.

எங்கள் டிவிஷன் வெடித்துச் சிரித்தது. குடைகள் மறுபடி தரையில் தட்டின. மாமாவும் விடவில்லை. "எப்படிப் பாத்தாலும் எங்க கோயில விட்டு அது நகரலல்ல? அதயும் சேத்துச் சொல்லிக்க" என்றார். ஆற்றங்கரை டிவிஷனும் கைதட்டியது. ஒரே ஆட்டத்தில் இரண்டு பக்கமும் ஜெயித்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

கிராணி கையை உயர்த்தினார். "இன்னும் ஒண்டு கிடக்கு. வெண்ட அணியின்ரை தலைவர் டிராபி நிக்கிற இடத்துக்கு நேரிலை போய், மாலை போட வேணும். அது கிரேக்க முறை. போடாட்டில் வெண்டது வெண்டதாகாது."

அப்பாவின் சிரிப்பு நின்றது. எல்லோரும் அவரையே பார்த்தார்கள். தோட்டம் முழுவதற்கும் அவர் சபதம் தெரியும். அப்பா திடலைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், சேறு படிந்த தன் முழங்காலைப் பார்த்தார்.

"நான் கிண்ணத்துக்காகத்தான் வர்றேன்" என்றார் மாமாவைப் பார்த்து. ஒரு வருடத்துக்குப் பிறகு நேருக்கு நேர் பேசிய முதல் பேச்சு. "வேற யாருக்காகவும் இல்ல. அத ஞாபகம் வச்சுக்க."

"நானும் கிண்ணத்தப் பாக்க வர்றவனுக்குத்தான் வழி விடுறேன்" என்றார் மாமா.

வீட்டுக்கு ஓடினோம் குளிக்க. என் பட்டுப்பாவாடை ஏற்கெனவே இஸ்திரி போட்டுக் கதவில் தொங்கியது. அப்பாவின் வேட்டியும் தொங்கியது. அம்மாவின் கைப்பையும் ஒரு மல்லிகைச் சரமும் தயாராக இருந்தன. அம்மா எவ்வளவு வேகமாக வேலை செய்கிறாள் என்று ஆச்சரியப்பட்டேன். அவ்வளவுதான் ஆச்சரியப்பட்டேன்.

செம்பனைக் குலை ஏற்றுகிற லோரியில் அணி முழுவதும் ஏறி, தப்படித்துக்கொண்டு ஆற்றங்கரை டிவிஷனுக்குப் போனோம். கோயிலுக்குள் கும்பம் இருந்தது. நூல் சுற்றி, மஞ்சள் பூசி, மாவிலையும் தேங்காயுமாக அலங்கரித்திருந்தாலும் கிண்ணத்தின் காதுகள் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தன. அம்மனுக்குத் தோடு போட்ட மாதிரி இருந்தது. அப்பா கொடுத்த மாலையைப் பூசாரி வாங்கி, கும்பம் அசையாமல் அதற்குச் சாத்தினார். மாலை போட்ட பிறகு கேப்டனாகவே திரும்பிவிட வேண்டும் என்றுதான் அப்பா வந்திருப்பார். ஆனால் எதிரில் அம்மன். கைகள் தாமாகக் கூப்பிக்கொண்டன. அம்மா அவர் பக்கத்தில் போய் நின்றாள். யாரும் அவளிடம் வீட்டுக்காரர் எங்கே என்று கேட்கவில்லை.

கோயிலுக்கு வந்துவிட்டுச் சாப்பிடாமல் போகிற வழக்கம் எங்களுக்குள் கிடையாது. அத்தை மாமா வீட்டில் இலை போட்டார். அப்பா பழைய இடத்திலேயே உட்கார்ந்தார். மாமாதான் சாம்பார் வாளியோடு வந்தார். அப்பாவின் இலைக்கு முன்னால் நின்றார்.

"காப்பு கட்டியிருக்கு மச்சான். இன்னிக்குக் கோழி கிடையாது. தைரியமா சாப்பிடுங்க."

அத்தை கண்ணை மூடிக்கொண்டார். அப்பா வாயில் சோறு இருந்தது. முதலில் அவர் தோள் குலுங்கியது, பிறகு முகம் சிவந்தது. அப்புறம் புரையேறி, சோறு இலைக்கு வெளியே தெறிக்கிற அளவுக்குச் சிரித்தார். மாமா வாளியைக் கீழே வைத்துவிட்டு அவர் தலையில் தட்டினார். தட்டிய கையை அப்புறம் எடுக்கவேயில்லை. அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அந்த வீட்டில் அன்று வெங்காயம் அரிந்து நெடுநேரம் ஆகியிருந்தது.

அடுத்த வருடத்திலிருந்து அது வழக்கமாகிவிட்டது. யார் ஜெயித்தாலும், திருவிழா முடியும்வரை கிண்ணம் ஆற்றங்கரைக் கோயிலில்தான். ஜெயித்தவர்கள் போய் மாலை போட வேண்டும்; தோற்றவர்கள் சோறு போட வேண்டும்.

வளர்ந்து, ரவாங்கில் வேலைக்குப் போன பிறகு, ஒருநாள் நூலகத்தில் தடிமனான அகராதி ஒன்றில் அந்தச் சொல்லைத் தேடினேன். கிராணி சொன்னது எல்லாம் சரியாகவே இருந்தது. திரும்புதல், மரக்கட்டை, கவசம், சாமி, தொடக்கூடாது என்பது வரைக்கும். வேறொரு நூலில் இன்னொரு விஷயமும் இருந்தது. அதைக் கல்லில் கட்டாமல் மரத்தில் செய்வார்களாம். மரம் உளுத்து விழுகிறபோது பகையும் கூடவே விழட்டும் என்று. மாலை போடுகிற கிரேக்க முறை மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை. பெண்கள் பலகையில் அம்மாவுக்கும் அத்தைக்கும் நடுவில் கிராணியின் மனைவி உட்கார்ந்திருந்தது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

அம்மாவிடம் போய் நேராகவே கேட்டேன். அவள் சிரிக்கத் தொடங்கி, நிறுத்த முடியாமல், தொலைபேசியில் அத்தையை அழைத்து, "அண்ணி, இவ கண்டுபிடிச்சிட்டா" என்று சொல்லி மறுபடி சிரித்தாள். செம்பில் ஓட்டை எப்படி வந்தது என்று கேட்டேன். "ஆணி ஒண்ணு இருந்துச்சு" என்றாள். அப்பா தோற்றிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன். "அதுக்கு வேற ஒண்ணு வச்சிருந்தோம்" என்றாள். அது என்னவென்று இன்றுவரை இருவரும் சொல்லவில்லை.

எனக்கு இப்போது நினைத்தாலும் மனசு ஆறாதது ஒன்றுதான். அத்தனையும் என் கண் முன்னால்தான் நடந்தது. முடிச்சு போட்ட அந்த நூல், கிண்ணத்தின் வாயை அளந்த நூல். நான் பெரிய தேங்காயாகப் பார்த்து நீட்டினேன். அம்மா "இது உட்காராது" என்றாள். ஒரு தேங்காய் எதற்காக உட்கார வேண்டும், எங்கே போய் உட்காரப்போகிறது என்று நான் கேட்கவேயில்லை. செண்டோல் அவ்வளவு நன்றாக இருந்தது.